சத்தம் வண்டியிலா, காதிலா

1

இந்தக் கதையில் ஒரே ஒரு வாக்கியம்தான் எனக்குச் சும்மா கிடைத்தது. மற்றதெல்லாம் கைவேலை. அந்த ஒன்று எங்கே கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

காது, மூக்கு, தொண்டை மருத்துவரின் முன்னறையில் உட்கார்ந்திருந்தேன். என் காதுக்குள் ஒரு பஞ்சுத் துணுக்கு சிக்கியிருந்தது (அந்தக் கதை வேண்டாம், பெருமைப்பட ஒன்றும் இல்லை). எதிர் நாற்காலியில் ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண். கையை நன்றாகத் தேய்த்துக் கழுவியிருந்தும் நகக்கண்களில் எண்ணெய்க் கறுப்பு மிச்சம் இருந்தது. அவருக்குப் பக்கத்தில் கொஞ்சம் சின்னவராக ஒருவர். சட்டைப் பையின் ஓரத்தில் இரண்டு குண்டூசி குத்தியிருந்தது. எடுக்க மறந்திருப்பார். செவிலியர் சீட்டைப் பார்த்தபடி கேட்டார்:

"எந்தக் காதுலம்மா சத்தம்?"

அந்தப் பெண் சொன்னார்: "அதுதான் தெரியல. காதுலயா, வண்டியிலயான்னு பார்க்கத்தான் வந்தேன்."

செவிலியர் சிரித்தார். குண்டூசிக்காரர் சிரிக்கவில்லை. அந்த நேரம் பார்த்து என்னை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். நான் வெளியே வந்தபோது இரண்டு நாற்காலிகளும் காலி.

என்ன வண்டி, என்ன சத்தம், அந்த மனிதர் ஏன் சிரிக்கவில்லை, எதுவும் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்திருப்பேன். தெரியாததால் எழுத வேண்டியதாயிற்று.

2

முதலில் வண்டி வேண்டும். பழைய இராணுவ ஜீப் என்று முடிவு செய்தேன். காரணம், அதன் இன்ஜின் ஒளிவுமறைவு இல்லாதது. பானெட்டைத் தூக்கினால் எது எதைத் தள்ளுகிறது, எது எதைச் சுற்றுகிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். அப்படிப்பட்ட வண்டியில் ஒரு சத்தம் ஒளிந்துகொண்டால் அதுதான் கதை.

முதல் தொடக்கத்தை இப்படி எழுதினேன்:

போர்க்களத்தின் புகை அடங்கும் முன்பே அந்த ஜீப் —

நிறுத்திவிட்டேன். இராணுவ வண்டி என்றதும் பேனா தானாகப் போருக்குக் கிளம்பிவிடுகிறது. இந்த ஜீப் எந்தப் போரையும் பார்க்கவில்லை. ஒரு முகாமின் கிடங்கிலிருந்து சமையற்கூடத்துக்கு மூட்டை சுமந்தது, அவ்வளவுதான். பின்னிருக்கையைக் கழற்றியபோது அடியில் கிடைத்தது தோட்டா இல்லை, வெங்காயச் சருகு.

இரண்டாவது தொடக்கம்:

டொக். டொக். டொக்.

இதுவும் பொய். தனியாக எழுதினால் அந்தச் சத்தம் தெளிவாகக் கேட்கிறது. உண்மையில் அது அப்படி வரவில்லை. கல்யாணப் பந்தியில் எல்லோரும் பேசிக்கொண்டிருக்கும்போது எங்கோ ஒரு மூலையில் ஒருவர் மட்டும் விரலைச் சொடுக்கினால் எப்படியோ, அப்படி வந்தது. பந்தி முழுவதையும் எழுதாமல் அந்தச் சொடுக்கை எழுத முடியாது.

ஆகவே மூன்றாவது தொடக்கம், ஆட்களிலிருந்து. அந்தப் பெண் ஒரு மெக்கானிக். அந்த மனிதர் அவளுடைய தம்பி, தையல்காரர். ஒரே வீடு. முன்பக்கம் தையல் கடை, பின்பக்கம் பட்டறை, நடுவில் சமையலறை. இனி அவளை அக்கா என்றே எழுதப் போகிறேன். தம்பி அப்படித்தான் கூப்பிடுகிறான், ஊரிலும் பாதிப் பேர் அப்படித்தான். ("அவள்", "அவன்" என்று எழுதுவது மரியாதைக் குறைவால் இல்லை. இத்தனை நாள் கூடவே இருந்துவிட்டு "அவர்" என்றால் அவர்களே சிரிப்பார்கள்.)

3

ஏலத்தில் எடுத்த ஜீப் அது. "பழைய இரும்புக்காரனே வேண்டாம்னு ஓடின வண்டி" என்பான் தம்பி. மற்றவர்களின் வண்டி வேலைகளை முடித்த நேரங்களில் அக்கா அதைப் பிரித்தாள், துடைத்தாள், பூட்டினாள். ஒரு காலை வேளையில் அது கிளம்பியது. இருமியது, புகைந்தது, பிறகு ஒழுங்காக ஓடத் தொடங்கியது. கொஞ்சம் சூடேறி, நின்ற இடத்திலேயே மெதுவாக ஓடிக்கொண்டிருந்தபோது அக்காவின் காதில் அது விழுந்தது.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும், கதை எங்கேயும் ஓடிவிடாது. ஓடும் இன்ஜின் ஒரு கூட்டுக் குடும்பம் மாதிரி. ஆளுக்கொரு சத்தம், எல்லாம் சேர்ந்தால்தான் வீடு. வால்வுகள் டிக்டிக் என்று தட்டும். விசிறி விசுவிசுக்கும். பல்சக்கரங்கள் முனகும். மெக்கானிக்கின் காது இதில் எதையும் கேட்பதில்லை. கேட்டுக்கேட்டுப் பழகி, எல்லாவற்றையும் ஒரு பின்னணியாகத் தள்ளி வைத்துவிடும். இந்த வீட்டைச் சேராத ஒரு குரல் வந்தால் மட்டும் தலை நிமிரும்.

அக்காவின் தலை நிமிர்ந்தது.

அவள் முறைப்படி தேடினாள். முறை என்றால் சந்தேகத்துக்கு ஆளானவர்களை ஒவ்வொருவராக வீட்டை விட்டு வெளியே அனுப்புவது. முதலில் வால்வுகளின் இடைவெளியைச் சரிபார்த்தாள், சரியாக இருந்தது. விசிறி பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஓட்டினாள். விசிறியும் தண்ணீர்ப் பம்பும் நின்றன, சத்தம் நிற்கவில்லை. பிறகு ஸ்பார்க் பிளக்கின் வயரை ஒன்று மாற்றி ஒன்றாகப் பிடுங்கினாள். அதாவது ஒவ்வொரு சிலிண்டரின் வாயையும் முறைவைத்து மூடுவது. எந்த வாயை மூடும்போது சத்தம் அமுங்குகிறதோ, அந்த சிலிண்டரின் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். எதை மூடியும் சத்தம் மாறவில்லை. கடைசியாக நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்திக் கேட்டாள். எங்கே வைத்தாலும் சத்தம் இருந்தது. ஆனால் எங்கேயும் "நான் இங்கேதான் இருக்கிறேன்" என்று அது சொல்லவில்லை.

(ஆர்வமுள்ள ஒருவர் கேட்பார்: செல்போனில் பதிவு செய்து வேறு யாரிடமாவது காட்டலாமே? செய்தாள். செல்போனில் கேட்டபோது தகரக் கூரையில் கல்மழை பெய்கிற மாதிரி இருந்தது. அதில் எதையும் பிரித்தெடுக்க முடியவில்லை.)

வேறு யாருடைய வண்டியாக இருந்தாலும் அக்கா அடுத்த சோதனைக்குப் போயிருப்பாள். அதற்கு முன்னால், "நமக்கு மட்டும்தான் கேட்கிறதா?" என்று ஒரு கேள்வி அவளுக்குள் எழுந்துவிட்டது. அதனால் தம்பியைக் கூப்பிட்டாள்.

4

"டேய், கொஞ்சம் வாடா."

"காலர் வெச்சிட்டிருக்கேன்."

"காலர் எங்கயும் போகாது. வா."

"போன தடவையும் இப்படித்தான் கூப்பிட்டே. திரும்பிப் போய்ப் பார்த்தா காலரைக் கை மாதிரி தெச்சு வெச்சிருக்கேன்."

தம்பி டிரைவர் இருக்கையில் ஏறினான். அவனுக்கு அந்த இருக்கையே பிடிக்காது. சில மாதங்களுக்கு முன்னால், வண்டி இன்னும் ஒழுங்காகக் கிளம்பாத நாட்களில், கியர் விழுந்திருப்பதைக் கவனிக்காமல் அவன் ஸ்டார்ட்டரை அழுத்தியதில், ஜீப் ஒரு முழம் பாய்ந்து அக்காவின் முட்டியை பம்பருக்கும் மேசைக்கும் நடுவில் பிடித்துவிட்டது. முட்டி வீங்கி வடிந்தது. அக்கா அதை அன்றே மறந்துவிட்டாள். அவன் மறக்கவில்லை.

"ஏத்து" என்றாள் அக்கா, பானெட்டுக்குள்ளிருந்து. இன்ஜின் உறுமியது. "இறக்கு. இன்னும். அப்படியே விடு."

இன்ஜின் மெதுவாக ஓடியது. அக்கா காத்திருந்தாள். வால்வுகள் தட்டின, விசிறி விசுவிசுத்தது, பல்சக்கரம் முனகியது. அவ்வளவுதான். அந்தச் சத்தம் இல்லை. அக்கா காதை இன்னும் கிட்டே கொண்டுபோனாள். இல்லை.

"கேக்குதா?" என்றாள், தனக்குத்தானே கேட்டுக்கொள்வது போல.

"கேக்குதுக்கா!" இருக்கையிலிருந்து பதில் வந்தது. "நல்லாவே கேக்குது!"

அக்கா மெதுவாக நிமிர்ந்தாள். "என்ன கேக்குது?"

"அதான்... நீ சொன்ன சத்தம்."

"எப்படி இருக்கு?"

"ஒரு மாதிரி... கரகரன்னு... இல்ல, கொஞ்சம் கடகடன்னும்..."

"நிறுத்து."

இன்ஜின் நின்றது.

"எனக்கே இப்ப கேக்கலடா" என்றாள் அக்கா.

தம்பி ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அம்மாவுக்கு ஆமா போட்ட மாதிரி எனக்கும் போடறியா?"

[இங்கே தம்பி ஒரு பதில் சொன்னதாக முதலில் எழுதியிருந்தேன். நல்ல பதில்தான். அந்த இடத்தில் யாருக்கும் நல்ல பதில் வராது என்பதால் எடுத்துவிட்டேன்.]

5

அம்மா கதைக்கு வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அக்காவின் வாயில் அந்த வாக்கியம் வந்த பிறகு, அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியவில்லை.

கடைசிக் காலத்தில் அவர்களுடைய அம்மாவுக்குக் குழாய் சொட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. எந்தக் குழாயும் சொட்டவில்லை. "மூடுங்கடா, தண்ணி வீணாப் போகுது" என்பார். முதலில் சொட்டவில்லை என்று எடுத்துச் சொல்லிப் பார்த்தார்கள். அம்மா அழுதார். பிறகு அக்காவும் தம்பியும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஒருவர் எழுந்து போய்க் குளியலறையில் நின்று, "மூடிட்டேம்மா!" என்று குரல் கொடுப்பது. ஒருநாள் தம்பி நாடகத்தில் ரொம்பவே ஒன்றிப்போய், நிஜமாகவே குழாயை முறுக்கி, உள்ளே இருந்த வாசரை நசுக்கிவிட்டான். குழாய் நிஜமாகவே சொட்டத் தொடங்கியது. அம்மா படுக்கையிலிருந்து, "ஹப்பா, இப்பதான் நின்னுச்சு" என்றார். அக்காவும் தம்பியும் சமையலறையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் இருவருக்கும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியவில்லை.

கேட்காததைக் கேட்பதாகச் சொல்வது அந்த வீட்டில் ஒரு அன்பு. அக்காவே அதைக் கொடுத்தவள்தான். இப்போது அதை வாங்கிக்கொள்ளும் இடத்தில் தம்பி உட்காரவைத்துவிட்டானே என்பதுதான் அவளுக்கு நெஞ்சில் குத்தியது.

தம்பி முன்பக்கம் போய்விட்டான். வெகுநேரம் தையல் மிஷின் ஓடும் சத்தம் வரவில்லை. அக்கா சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஆக்சிலேட்டரைக் கையால் இழுத்து நிறுத்தும் குமிழைக் கொஞ்சம் இழுத்து வைத்து, ஜீப்பைத் தனியாக ஓடவிட்டாள்.

டொக். வந்துவிட்டது.

ஆள் இருந்தால் வராது, தனியாக இருந்தால் மட்டும் வரும். இரும்புக்கு அப்படி ஒரு குணம் கிடையாது என்பது அக்காவுக்குத் தெரியும். அப்படி ஒரு குணம் இருப்பது மனசுக்குத்தான்.

6

ஒரு சந்தேகத்தைச் சொல்லிவிட வேண்டும். முதல் வரைவில் தம்பி தம்பியாக இல்லை, அக்காவின் கணவனாக இருந்தான். எழுதிப் பார்த்தேன். கணவன் ஒரு பொய் சொன்னால் வாசிப்பவர் உடனே வேறு பொய்களையும் தேடத் தொடங்குகிறார். தம்பியின் பொய்க்குப் பின்னால் எதையும் தேடத் தோன்றாது. தேடினாலும் அங்கே ஒரு நசுங்கிய வாசர்தான் கிடைக்கும்.

இன்னொரு சந்தேகம் அக்காவைப் பற்றி. இவ்வளவு முறையாகத் தேடுகிறவள், அடுத்த சோதனையை ஏன் செய்யவில்லை? வண்டி வேலை தெரிந்தவர்கள் இந்நேரம் பொறுமையிழந்து, "அட, அதைச் செஞ்சு பாரும்மா!" என்று கத்தியிருப்பார்கள். அவர்கள் சொல்வது சரி. என் பதில் ஒன்றுதான்: பயம் வந்தால் கை கெட்டிக்காரத்தனத்தை இழந்துவிடும். அடுத்தவர் வண்டியின் சத்தத்தை அவள் சத்தமாகத்தான் கேட்டாள். இந்தச் சத்தத்தில் அவளுக்குத் தன் அம்மாவின் குழாய் கேட்டது. பிறகு எந்த ஸ்பேனரை எடுப்பது?

அந்த வாரம் பால் வண்டிக்காரர் வேனோடு வந்தார்.

"கேளுங்கக்கா. மேட்டுல ஏறும்போது ஒரு விசில் வருது. எனக்கே பாட்டுப் பாடலாம்போல இருக்கு."

அக்காவுக்கு அந்த விசில் நன்றாகக் கேட்டது. எங்கிருந்து வருகிறது என்றுகூடப் பாதி தெரிந்துவிட்டது. இருந்தும் சாவியைத் திருப்பிக் கொடுத்தாள்.

"வேற இடத்துல காட்டிக்கோங்க."

"என்னக்கா கோவம்? இத்தனை வருஷமா உங்க காதை நம்பித்தானே நான் வண்டி ஓட்டறேன்?"

"அதனாலதான் சொல்றேன்" என்றாள் அக்கா. அவருக்குப் புரியவில்லை. முன்பக்கத்தில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த தம்பிக்குப் புரிந்தது. அவன்தான் மருத்துவரிடம் நேரம் வாங்கினான்.

7

இப்போது நானும் அவர்களும் ஒரே அறையில் உட்கார்ந்திருக்கிறோம். எனக்குச் சும்மா கிடைத்த அந்த வாக்கியத்தை அக்கா சொல்லிவிட்டாள். செவிலியர் சிரித்தாயிற்று. என்னை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். இதற்குப் பிறகு நடப்பதற்கு நான் மட்டுமே பொறுப்பு.

காதில் ஒரு கருவியை மாட்டி அக்காவைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்தார்கள். சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். கண்ணாடிக்கு வெளியே தம்பி நின்றான். ஒவ்வொரு முறை அவள் கட்டைவிரல் அசையும்போதும் அவன் தலையும் ஆடியது. பரீட்சை எழுதுவது அவன்தான் என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

மருத்துவர் சோதனையில் கிடைத்த கோட்டுப் படத்தைப் பார்த்தார். வயசுக்கு ஏற்ற காதுதான் என்றார். சிலருக்கு வெளியே எதுவும் இல்லாமலே உள்ளுக்குள் ஒரு சத்தம் வரும், அப்படி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், ஆபத்தில்லை என்றார்.

திரும்பி வரும் வழியில் தம்பி சொன்னான்: "அதான் ஒண்ணுமில்லன்னுட்டாரே."

"ஒண்ணுமில்லன்னு சொல்லலடா. ஆபத்தில்லன்னு சொன்னார். ரெண்டும் வேற."

கொஞ்ச தூரம் நடந்தார்கள்.

"அன்னைக்கு நான் ஏமாத்தணும்னு சொல்லலக்கா. உன் வண்டியில எது சத்தம், எது சத்தமில்லன்னே எனக்குத் தெரியாது. மொத்தமும் எனக்கு ஒரே இரைச்சல்தான். நீ கேக்குதான்னு கேட்டே. ஆமான்னா உனக்கு நிம்மதியா இருக்கும்னு..."

"எனக்கு நிம்மதி வேணாம்டா" என்றாள் அக்கா. "சாட்சி வேணும்."

8

வீட்டுக்கு வந்ததும் அக்கா நேராகப் பட்டறைக்குப் போனாள். ஜீப்பை விற்றுவிட வேண்டும் என்று வழியிலேயே முடிவு செய்திருந்தாள். பட்டறையை மூடுவதைப் பற்றியும் யோசித்துக்கொண்டிருந்தாள்; அதை இன்னும் வாய்விட்டுச் சொல்லவில்லை. தம்பி பின்னாலேயே வந்தான்.

"விக்கறதுன்னா வித்துக்கோ. ஒரு தடவை ஸ்டார்ட் பண்றேன். நீ பானெட்டைத் தொடாத, சும்மா உக்காரு."

அக்காவுக்குக் களைப்பாக இருந்தது. கழுவின கையை மறுபடி அழுக்காக்க மனமில்லை. அதனால் இதுவரை செய்யாத ஒன்றைச் செய்தாள். வண்டிக்கு முன்னால் போய் நிற்காமல், ஏறி அவனுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள்.

ஜீப் கிளம்பியது. சூடேறியது. மெதுவாக ஓடியது. சத்தம் இல்லை. "பார்த்தியா" என்று சொல்லத் திரும்பியவளின் கண் கீழே போனது.

அந்த ஜீப்புக்குக் கதவு கிடையாது, தரைவிரிப்பு கிடையாது. வெளிச்சம் நேராகத் தரையில் விழும். தம்பியின் வலது கால் சும்மா இருந்தது. இடது கால் கிளட்ச் மிதியை அடிவரை அழுத்திக்கொண்டு, கெண்டைச்சதை நடுங்க நின்றது.

"காலை எதுக்குடா அங்க வெச்சிருக்கே?"

"சும்மாதான்."

"நியூட்ரல்ல இருக்குடா வண்டி. எடு."

"வேணாம்க்கா, பாஞ்சிடும்."

"நியூட்ரல்ல எப்படிடா பாயும்?"

"அன்னைக்கும் நியூட்ரல்னுதான் நெனச்சேன். உன் முட்டி..." அவன் கிளட்ச் மிதியைக் கண்ணால் காட்டினான். "இது அமுங்கியிருந்தா கியர் விழுந்தாலும் ஓடாதுன்னு நீதானே சொன்னே? உன்னை முன்னாடி நிக்க வெச்சிட்டு நான் எப்படி எடுப்பேன்?"

இராணுவ கிளட்ச் லேசில் அமுங்காது. அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்காருவது ஒரு மூட்டையைக் காலால் தாங்குவது போல. சில மாதங்களாக அவன் சாயங்காலங்களில் கெண்டைக்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தான். தையல் மிஷின் மிதித்த வலி என்று அக்கா நினைத்திருந்தாள்.

"நான் இப்ப முன்னாடி நிக்கல" என்றாள் அக்கா. "உன் பக்கத்துலதான் இருக்கேன். எடு."

தம்பி காலைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே விட்டான்.

டொக்.

அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். தம்பியிடம் கேக்குதா என்று கேட்கவில்லை. கேட்கவே கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

டொக். டொக்.

தம்பியின் புருவம் சுருங்கியது. தலையை ஒரு பக்கம் சாய்த்தான். "என்னக்கா இது? தையல் மிஷின்ல சக்கரம் லூஸாகி முன்னும் பின்னும் ஆடினா வருமே... அது மாதிரி ஒண்ணு தட்டுது?"

"திரும்ப அழுத்து."

அழுத்தினான். நின்றது.

"எடு."

டொக்.

"அழுத்து."

நின்றது.

"எடுடா, எடுடா!" அக்கா அவன் தோளில் ஓங்கி ஓங்கி அடித்தாள். அடிக்கும்போதே அழுதாள், அழும்போதே அவனைக் கழுதை என்றாள், மாடு என்றாள், அதற்கு மேல் எந்தப் பிராணியும் நினைவுக்கு வராமல் "தையக்காரா!" என்றாள்.

9

விளக்கத்துக்கு வருகிறேன். (எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. பொறுத்துக்கொள்ளுங்கள்.)

இன்ஜினின் நடுவே நீளவாக்கில் ஒரு தண்டு சுழல்கிறது, கிராங்க் ஷாஃப்ட். அது சுழலலாம், ஆனால் முன்னும் பின்னும் நகரக் கூடாது. மயிரிழை அளவுக்கு நகர மட்டும் இடம் விட்டு, அதற்குமேல் போகாமல் தடுக்க முன்முனையில் ஒரு வட்டத் தகடு உண்டு. இந்த ஜீப்பில் அந்தத் தகடு தேய்ந்துவிட்டது. தண்டு சுழன்றுகொண்டே முன்னும் பின்னும் போய்ப் போய் இடித்தது. அதுதான் டொக். எந்த சிலிண்டரின் குற்றமும் இல்லை, அதனால்தான் எந்த வாயை மூடியும் மாறவில்லை. முழுத் தண்டும் ஆடியதால்தான் ஸ்க்ரூடிரைவரை எங்கே வைத்தாலும் கேட்டது.

கிளட்சை மிதித்தால் என்ன ஆகிறது? மிதிக்கிற விசை போய் அந்தத் தண்டைப் பின்னாலிருந்து ஒரு பக்கமாகத் தள்ளிப் பிடித்துக்கொள்கிறது. தள்ளிப் பிடித்த தண்டு ஆடாது. சத்தம் நின்றுவிடும்.

அக்கா செய்யாமல் விட்ட அடுத்த சோதனை அதுதான். சத்தம் வந்துகொண்டிருக்கும்போது கிளட்சை மிதித்துப் பார்ப்பது. எந்தப் பட்டறையிலும் செய்வது. இந்தப் பட்டறையில் ஒருவன் அதை முன்பே, ஒவ்வொரு முறையும், யாருக்கும் சொல்லாமல் செய்துகொண்டிருந்தான்.

வேலை பெரிதாக இல்லை. ரேடியேட்டரை இறக்கி, முன்மூடியைத் திறந்து, பல்சக்கரத்தை இழுத்து, தேய்ந்த தகட்டை எடுத்தாள். அளவு சொல்லி லேத்தில் புதிது கடைந்து வாங்கி, இடைவெளியைச் சரிபார்த்துப் போட்டாள். பால் வண்டிக்காரரைத் திரும்ப வரும்படி தம்பியே சொல்லி அனுப்பினான். விசில் இன்னும் பாடிக்கொண்டுதான் இருந்ததாம்.

சோதித்துப் பார்க்கும் நாளில் தம்பி இருக்கையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். "பாரு, ரெண்டு காலும் மேல இருக்கு. இனிமே என்மேல பழி போடாத."

இன்ஜின் ஓடியது. தட்டவில்லை.

10

முடிவுகளுக்காகக் கொஞ்சம் மெனக்கெட்டேன்.

ஒன்றில் இருவரும் அப்படியே ஜீப்பை எடுத்துக்கொண்டு வெளியே போகிறார்கள். காற்றடிக்கிறது, தம்பி கிளட்சை மிதிக்கப் பயந்து — வேண்டாம். இந்த முடிவு எனக்குப் பிடிக்கும், ஆனால் நம்ப முடியவில்லை. சத்தம் வண்டியில் இருந்தது என்று தெரிந்துவிட்டதால், காதில் எதுவும் இல்லை என்று ஆகிவிடாது. இரண்டு கேள்விகளை நானும் அக்காவும் ஒன்றாக முடிச்சுப் போட்டு வைத்திருந்தோம். ஒரு முடிச்சுதான் அவிழ்ந்திருக்கிறது.

இன்னொன்றில், எல்லாம் பூட்டிய பிறகும் ஜீப் தட்டுகிறது. அது எழுதுகிறவனின் வீம்பு. அவ்வளவு வேலை செய்த கைகளுக்கு அப்படிச் செய்ய மனம் வரவில்லை.

மிஞ்சியது இது:

அக்கா இன்ஜினை நிறுத்தினாள். மத்தியான நேரம், தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. சூடு ஆறும் இரும்பு அங்கங்கே சொடுக்கியது. அதை இருவருமே கேட்டார்கள். பிறகு அதுவும் அடங்கியது. அக்கா மட்கார்டில் கை வைத்தபடி நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள்.

"டேய்."

"ம்?"

"இப்ப உனக்கு ஏதாவது கேக்குதா?"

தம்பி கால்களைக் கீழே இறக்கி, கண்ணை மூடி, ஊசியில் நூல் கோக்கும்போது மூச்சை அடக்குவானே, அப்படி அடக்கிக்கொண்டு கேட்டான்.

"இல்லக்கா."

"மெல்லிசா? கொசு மாதிரி?"

ஆமா என்ற சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பழகிய சொல், அந்த வீட்டின் சொல். அவன் அதை விழுங்கினான்.

"இல்லக்கா. எனக்குக் கேக்கல."

"நிஜமா?"

"நிஜமா கேக்கல."

அக்கா தலையாட்டினாள். "சரி. அப்ப அது என்னுது" என்றாள்.

இந்தக் கடைசி வாக்கியத்தோடு பல நாள் உட்கார்ந்திருந்தேன். பயந்துபோய்ச் சொல்கிறவள் குரலில் எழுதிப் பார்த்தேன், பொருந்தியது. கலந்துகிடக்கும் ஸ்பேனர்களுக்குள் தன்னுடையதை அடையாளம் கண்டு எடுத்துக்கொள்கிறவள் குரலில் எழுதினேன்; அதுவும் பொருந்தியது. சிரித்துக்கொண்டே சொன்னாள் என்று எழுதினேன். எதையும் அடிக்க முடியவில்லை, எதையும் வைத்துக்கொள்ளவும் முடியவில்லை. எழுதுகிறவனுக்குச் சொற்கள்தான் கிடைக்கும். அவற்றின் குரல் வாசிக்கிறவரிடம் இருக்கிறது.

ஆகவே ஒரு உதவி. பக்கத்தில் யாரும் இல்லாவிட்டால், அந்த வாக்கியத்தை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். உங்கள் குரலில் எப்படி வருகிறதோ, அக்கா அப்படித்தான் சொன்னாள். தம்பி இன்னும் இருக்கையை விட்டு இறங்கவில்லை. அக்கா அதை எப்படிச் சொன்னாள் என்பதைக் கேட்டுவிட்டுத்தான் அவன் இறங்குவான்.